தேய்ந்தது கழுவினால் திரும்பாது

இந்தப் பத்தியில் வழமையாகக் கடை வாடகை, வங்கிக் கடன், இறக்குமதி வரி என்று எமது அன்றாடக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடைய விடயங்களையே எழுதி வருகின்றேன். இவ்வாரம் விமான எஞ்சினைப் பற்றி எழுதப் போகின்றேன் என்றதும் சில வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். கொஞ்சம் பொறுங்கள். இது பஞ்சிகாவத்தையில் உள்ள எனது சிறிய உதிரிப்பாகக் கடையில் தொடங்கிய கதை. கடைசியில் உங்கள் காசு லாச்சியில்தான் வந்து முடியும்.

2018ஆம் ஆண்டு. கிண்ணியாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் டிப்பர் வைத்து மணல், கிரவல் ஏற்றும் தொழில் செய்பவர். பல வருடங்களாக எனது வாடிக்கையாளர். ஒருநாள் சொப்பிங் பேக் ஒன்றுடன் கடைக்கு வந்தார். உள்ளேயிருந்து உள்ளங்கை அளவான அலுமினியச் சில்லொன்றை எடுத்து மேசையில் வைத்தார். டிப்பரின் டேர்போவுக்குள் இருந்து காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சில்லு அது.

"நானா, இதக் கொஞ்சம் பாருங்க. புது டேர்போ போட்டு எட்டு மாசம்தான் ஓடின."

பார்த்தேன். நேராகவும் சீராகவும் இருக்க வேண்டிய தகடுகளின் விளிம்புகள் எலி கரம்பியது போல் தேய்ந்து போயிருந்தன. உடைவு இல்லை, வெடிப்பு இல்லை. தேய்வு மாத்திரமே.

அவர் சொன்ன விபரம் என்னை அப்போது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இப்போது நினைத்தால் மனது உறுத்துகின்றது. மாதக்கணக்காக டிப்பர் ஏற்றத்தில் சோர்ந்து போயிருக்கின்றது. கரும்புகை கக்கியிருக்கின்றது. அதே தூரம், அதே பாரம், ஆனால் டீசல் செலவு மாத்திரம் மாதாமாதம் கூடியிருக்கின்றது. கணக்குப் பார்த்த சகோதரர் ஒரு முடிவுக்கு வந்தார்: சாரதி டீசலை இறக்கி விற்கின்றான். ஆறு வருடங்கள் தன்னிடம் வேலை செய்த மனிதனை ஊரறிய நிறுத்தியும் விட்டார். புதிய சாரதி வந்த பின்னரும் டீசல் குறையவில்லை. அதன் பிறகுதான் கராஜில் டேர்போவைக் கழற்றிப் பார்த்திருக்கின்றார்கள்.

அந்த டிப்பருக்கு எயார் பில்டர் விற்றவன் நான். அசல் பில்டர் 4,800 ரூபா. அதே நிறப் பெட்டியில் வந்த மற்றையது 1,600 ரூபா. அவர் மலிவானதைக் கேட்டார், நான் கொடுத்தேன். அன்று நான் அவருக்குச் சொன்ன பதில் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பதில்தான்: "தம்பி, பில்டர் பழுதென்டா பில்டர மாத்தித் தருவன். டேர்போவுக்கு நான் பொறுப்பில்ல." அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சில்லு மேசையிலேயே கிடந்தது.

மருமகன் சொன்ன பாடம்

அதே வாரத்தில் எனது சகோதரியின் மகன் விடுமுறையில் வந்திருந்தார். வளைகுடா நாடொன்றில் விமான எஞ்சின்களைக் கழற்றிப் பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் வேலை. கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் அந்தச் சில்லைக் கையில் எடுத்ததும் சிரித்தார்.

"மாமா, இது எங்கட சாமான். இதப் பெருசாக்கினா நாங்க நாளும் பாக்கிறதுதான்."

அன்று அவர் விளங்கப்படுத்தியதை வைத்தும், பின்னர் நான் தேடி வாசித்ததை வைத்தும், வியாபாரிகளுக்கு விளங்கும் பாஷையில் சொல்கின்றேன்.

விமானத்திலும் ஹெலிகொப்டரிலும் சில மின்நிலையங்களிலும் இருப்பது காஸ் டேர்பைன் எனப்படும் எஞ்சின். அதன் வேலை மூன்று கட்டம். முன்னால் உள்ள கொம்ப்ரசர் காற்றை இழுத்து அழுத்துகின்றது. நடுவில் எரிபொருள் எரிகின்றது. பின்னால் உள்ள டேர்பைன் அந்தச் சூடான வாயுவினால் சுழல்கின்றது. கொம்ப்ரசரைச் சுழற்றுவதும் அதே டேர்பைன்தான். கொம்ப்ரசருக்குள் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகள் உண்டு. ஒவ்வொரு வரிசையும் காற்றை இன்னும் கொஞ்சம் நெருக்கி அடுத்த வரிசைக்குக் கொடுக்கும்.

இங்கேதான் வியாபாரி கவனிக்க வேண்டிய கணக்கு இருக்கின்றது. மின்நிலையத்து டேர்பைன் உற்பத்தி செய்யும் சக்தியில் பாதி தொடக்கம் மூன்றில் இரண்டு பங்கு வரை கொம்ப்ரசரைச் சுழற்றுவதற்கே போய்விடும். மீதிதான் எமக்குக் கிடைப்பது. கடையில் வரும் பணத்தில் பெரும்பகுதி சாமான் கொள்வனவுக்கே போய்விடுவது போலத்தான் இது.

உதாரணமாக டேர்பைன் 100 பங்கு சக்தி கொடுக்கின்றது, கொம்ப்ரசர் 60 பங்கை எடுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 40. தகடுகள் தேய்ந்து, அதே வேலைக்குக் கொம்ப்ரசர் 63 பங்கு எடுக்கத் தொடங்கினால் மிஞ்சுவது 37. கொம்ப்ரசரின் செலவு கூடியது நூற்றுக்கு ஐந்து வீதம். எமது கையில் குறைந்ததோ நூற்றுக்கு ஏழரை வீதம். கொள்வனவு விலையில் ஏற்படும் சிறு உயர்வு இலாபத்தைப் பெரிதாகக் கடிப்பதை அறியாத வியாபாரி எவருமில்லை.

அழுக்கு வேறு, தேய்வு வேறு

காற்றோடு எஞ்சினுக்குள் போகும் தூசு இரண்டு விதமாகக் கெடுதி செய்கின்றது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரிய தவறு.

மிக நுண்ணிய தூசு, புகைக்கரி, எண்ணெய் ஆவி, கடல் உப்பு என்பன தகடுகளில் படிந்து ஒட்டிக்கொள்ளும். இது அழுக்கு. இதனாலும் எஞ்சின் சோரும். ஆனால் கொம்ப்ரசரைத் தண்ணீரும் மருந்தும் விட்டுக் கழுவினால் இழந்த சக்தியில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

அதைவிடப் பருமனான துகள் வேறு ரகம். பொதுவாக 10 மைக்ரோனுக்கு மேற்பட்டவை, அதாவது தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்களவும் அதற்கு மேலும் உள்ளவை, ஒட்டுவதில்லை. அடித்துச் செதுக்கும். பாலைவன மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது தகட்டு உலோகத்தை விடக் கடினமானது. கொம்ப்ரசர் தகட்டின் நுனி ஒலியின் வேகத்தையும் தாண்டிச் சுழலக்கூடியது. மோதும் வேகம் இரட்டித்தால் தேய்வும் இரட்டிக்கும் என்று நினைக்க வேண்டாம். அது சுமார் ஐந்து மடங்காகும்.

இதனால் தகட்டின் முன்விளிம்பு மழுங்குகின்றது. அகலம் குறைகின்றது. மேற்பரப்பு சொரசொரப்பாகின்றது. சுழற்சியில் துகள்கள் வெளிப்பக்கமாக வீசப்படுவதால் நுனி அதிகமாகத் தேய்கின்றது. நுனிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் மிக நுணுக்கமாக விடப்பட்ட இடைவெளி பெருக்கின்றது. முன்னே தள்ள வேண்டிய காற்று அந்த இடைவெளியால் பின்னே நழுவுகின்றது. காற்றின் அளவும் குறையும், அழுத்தமும் குறையும்.

இதனை எந்த மருந்தாலும் கழுவ முடியாது. போன உலோகம் போனதுதான். தகட்டைக் கழற்றி விளிம்பைத் திருத்தலாம், நுனியை ஒட்டி நிரப்பலாம், அல்லது புதிதாக மாற்றலாம். மூன்றுமே எஞ்சினைப் பிரித்துச் செய்ய வேண்டிய, பெரும் பணம் விழுங்கும் வேலைகள்.

1990-91 வளைகுடா யுத்தத்தின்போது பாலைவனத்தில் ஏறி இறங்கிய ஹெலிகொப்டர்களின் எஞ்சின்கள் எதிர்பார்த்த காலத்துக்கு மிக முன்னரே தேய்ந்து கழற்றப்பட்டன. தனது விசிறியே கிளப்பிய புழுதியைத் தானே இழுத்துக் குடித்ததன் விளைவு அது. அதற்குப் பின்னர் மணலைப் பிரித்தெடுக்கும் கருவிகளுக்கும், தகடுகளுக்குப் பூசும் டைட்டேனியம் நைட்ரைட் போன்ற கடினமான பூச்சுக்களுக்கும் கூடிய கவனம் செலுத்தப்பட்டது.

பயணிகள் விமானத்திலும் இதே கதைதான், ஆனால் மெதுவாக. 35,000 அடி உயரத்தில் காற்று பெரும்பாலும் சுத்தம். தேய்வு நடப்பது தரையில் ஓடும்போதும், கிளம்பும்போதும், இறங்கும்போதும்தான். ஆகவே ஒரே வகை இரண்டு எஞ்சின்கள், ஒரே அளவு மணித்தியாலம் ஓடியிருந்தாலும், ஒன்று புழுதி நிறைந்த விமான நிலையங்களுக்கிடையில் குறுந்தூரம் பறந்ததாகவும் மற்றையது சுத்தமான காற்றில் நெடுந்தூரம் பறந்ததாகவும் இருந்தால் இரண்டின் பெறுமதியும் ஒன்றல்ல. பாவித்த எஞ்சின் வாங்கி விற்கும் பஞ்சிகாவத்தைச் சகோதரர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். மீற்றரை மாத்திரம் பார்த்து விலை பேசுகிறவர்கள் நாம்.

எஞ்சின் முறைப்பாடு செய்வதில்லை

மருமகன் சொன்னவற்றில் என்னை அதிகமாகத் தைத்தது வேறொன்று. தகடுகள் தேய்ந்தால் விமானம் உடனே சோர்ந்து பறக்காதா என்று கேட்டேன். இல்லை என்றார். விமானி கேட்கும் உந்துதலை எஞ்சின் எப்படியும் கொடுத்துவிடும். அதற்காகக் கூடுதல் எரிபொருளை எரிக்கும். விமானிக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. காட்டிக்கொடுப்பது வெளியேறும் வாயுவின் வெப்பநிலை மாத்திரம்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும்.

அந்த வெப்பநிலைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. இன்றைய அளவுக்கும் அந்த எல்லைக்கும் இடையில் எவ்வளவு மிச்சம் இருக்கின்றது என்பதை விமானக் கொம்பனிகள் ஒவ்வொரு பறப்பிலும் பதிவுசெய்து பார்க்கின்றன. மிச்சம் தீர்ந்தால் எஞ்சினைக் கழற்றியாக வேண்டும். அதற்கு முன்னரே, கூடிய வெப்பத்தால் பின்னால் உள்ள விலையுயர்ந்த டேர்பைன் தகடுகளின் ஆயுளும் குறைந்துவிடும். முன்னால் நடந்த தேய்வுக்குப் பின்னால் இருப்பவன் தண்டம் கட்டுகின்றான். தேய்வு மேலும் முற்றினால் கொம்ப்ரசருக்குள் காற்றோட்டம் குழம்பி, வெடிச் சத்தத்துடன் எஞ்சின் திணறவும் கூடும்.

மெதுவாக நடப்பதை ஒரே இரவில் பார்த்தவர்களும் இருக்கின்றார்கள். 1982 ஜூன் 24ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து பேர்த் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் எயார்வேஸ் ஜம்போ விமானம் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. சாம்பல் உருகி உட்பகுதிகளில் ஒட்டியதே அவை நின்றதற்கு முக்கிய காரணம். கீழே இறங்கிய பின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கி, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. பிரித்துப் பார்த்தபோது கொம்ப்ரசர் தகடுகள் செதுக்கப்பட்டிருந்தன. விமானியின் முன்கண்ணாடி மணல் தாள் தேய்த்தது போல் மங்கிப் போயிருந்தது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை சாம்பல் கக்கியபோது ஐரோப்பா தனது வான்பரப்பைப் பல நாட்கள் மூடி வைத்ததன் பின்னணியிலும் இந்த அனுபவம் இருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், நான்கு எஞ்சினும் நின்ற அந்த இரவை விட ஆபத்தானது நிற்காமல் ஓடும் தேய்வுதான். நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். ஓடிக்கொண்டே தேய்ந்தால் எவரும் பார்ப்பதில்லை. கிண்ணியா டிப்பரிலும் இதுதான் நடந்தது. சில்லு தேயத் தேயச் சாரதி பெடலைக் கூட மிதித்தார். வண்டி பாரத்தை இழுத்தது, வேலை நடந்தது. டீசல் கணக்கு மாத்திரம் ஏறியது. அந்த ஏற்றத்துக்குக் காரணம் இயந்திரத்தில் இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. மனிதன் மீதுதான் சந்தேகம் விழுந்தது. எத்தனை கடைகளில், எத்தனை ஆலைகளில் இவ்வாறு ஒரு பழியை அப்பாவித் தொழிலாளி சுமந்திருப்பான் என்று நினைத்துப் பாருங்கள்.

வடிகட்டி போட முடிந்தவர்கள்

பெரிய பயணிகள் விமானம் கிளம்பும்போது அதன் ஓர் எஞ்சின் ஒரு செக்கனில் ஒரு தொன்னுக்கும் அதிகமான காற்றை இழுக்கக்கூடியது. அவ்வளவு காற்றுக்கு வடிகட்டி போட்டுப் பறக்க முடியாது. ஆகவே அவர்கள் தேய்வை ஏற்றுக்கொண்டு, அதனை அளந்து, கணக்கு வைத்து, நேரத்துக்குக் கழற்றுகின்றார்கள்.

தரையில் நிற்கும் டேர்பைனின் நிலை வேறு. எமது நாட்டில் களனிதிஸ்ஸவிலும், 2010இல் முழுமையடைந்த கெரவலப்பிட்டி 300 மெகாவாட் நிலையத்திலும் காஸ் டேர்பைன்கள் உள்ளன. இத்தகைய நிலையங்களில் காற்று நுழையும் இடத்தில் வீடளவு பெரிய வடிகட்டி அறையே இருக்கும். அது ஒழுங்காக இருந்தால் பருமனான துகள் உள்ளே போகாது. தேய்வு பெரும்பாலும் தடுக்கப்படும். மிஞ்சுவது கழுவக்கூடிய அழுக்கு. ஒரு கதவின் ரப்பர் கிழிந்திருந்தாலும், ஒரு வடிகட்டியின் ஓரம் ஒட்டாமல் விட்டிருந்தாலும் அந்த வழியால் தேய்வு நுழையும். இப்படியான நிலையங்களில் ஆகப்பெரிய செலவு எரிபொருள். எனவே வடிகட்டிக்கான கேள்விப்பத்திரத்தில் மிகக் குறைந்த விலையை மாத்திரம் பார்ப்பது மலிவாகாது. மீதத்தை மின்கட்டணத்தில் நாம்தான் கட்டுவோம்.

வடிகட்டிக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. கூடுதல் நுணுக்கமாக வடிகட்டினால் காற்று இழுபடுவது கடினமாகும். அதனாலும் கொஞ்சம் சக்தி போகும். அடைபட்ட பில்டரை மாற்றாமல் ஓடுவதும் நட்டம்தான். ஆனால் இந்த நட்டம் புதிய பில்டர் போட்டதும் தீர்ந்துவிடும். தகடு தேய்ந்த நட்டம் தீராது. திரும்பி வரும் நட்டத்தையும் திரும்பி வராத நட்டத்தையும் ஒரே பக்கத்தில் எழுதக் கூடாது என்பதுதான் எனது வாதம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மருமகன் போன பிறகு கடையில் இருந்த மலிவு பில்டர்களில் இரண்டை எடுத்துக் கத்தியால் வெட்டிப் பார்த்தேன். கடதாசி மெல்லியது. மடிப்புகளின் எண்ணிக்கை அசலில் பாதியளவே. ஒன்றில் கடதாசியையும் மூடியையும் சேர்க்கும் பசை ஓரிடத்தில் ஒட்டவே இல்லை. ஒரு விரல் நுழையும் இடைவெளி. எட்டு மாதமாகக் கிண்ணியாப் புழுதி அந்த வழியால்தான் போயிருக்க வேண்டும்.

சகோதரருக்குத் தொலைபேசி எடுத்தேன். புதிய டேர்போவுக்கு அவர் கொடுத்தது 1,40,000 ரூபா. அதில் பாதியை நான் பொறுப்பேற்பதாகச் சொன்னேன். சட்டப்படி நான் கொடுக்க வேண்டியதில்லை என்று எங்கள் வீதியில் பலர் சொன்னார்கள். சரியாகவே இருக்கலாம். ஆனால் பெட்டியின் நிறத்தைப் பார்த்து விற்றவன் நான், உள்ளே பார்க்காதவனும் நான். அந்த ரக பில்டரை அன்றோடு நிறுத்தினேன். அதனால் சில வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள் என்பது உண்மை. அவர்களில் சிலர் இன்னும் திரும்பவில்லை.

சாரதியைத் தேடிச் சென்று சகோதரர் மன்னிப்புக் கேட்டார். அவர் கோபப்படவில்லையாம். ஆனால் அதற்குள் வேறோர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், திரும்பி வரவில்லை. ஆறு வருடம் பழகிய கை. அந்த நட்டத்துக்கு எவராலும் பாதி கட்ட முடியாது.

வாகனமோ, அரிசி ஆலையோ, ஜெனரேட்டரோ வைத்திருக்கும் சகோதரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியில் மாதாமாதம் ஒரு வரி எழுதுங்கள்: ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், ஒரு லீற்றருக்கு எத்தனை மூடை, ஒரு லீற்றருக்கு எத்தனை மணித்தியாலம். அந்த எண் மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால் முதலில் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னால் உள்ள குழாயில் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் புழுதி ஒட்டினால் காரணம் தெரிந்துவிடும். ஒட்டாவிட்டால் டேர்போவையும் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரத்தைப் பார்த்து முடிந்த பிறகுதான் மனிதனைப் பார்க்க வேண்டும்.

என்னைப் போல் உதிரிப்பாகம் விற்பவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. புதிய ரகம் ஒன்று கடைக்கு வந்தால் அதில் ஒன்றை வெட்டிப் பாருங்கள். போவது ஒரு பில்டரின் விலை மாத்திரம். அந்தத் தேய்ந்த சில்லு இன்றும் எனது மேசையில் கடதாசிகளுக்குப் பாரமாக இருக்கின்றது. மலிவானது கேட்டு வருபவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை. அதை எடுத்து அவர்கள் கையில் கொடுக்கின்றேன்.